கிரியான் வெயிலும் நம் சருமமும்

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த பாரிட் புந்தாரில் வெயிலுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும், சூரியன் நேர் உச்சியில் நின்று மனிதனின் நிழலை அவன் காலடிக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. இத்தகைய பூமியில் வாழ்பவர்களுக்கு வெயில் தரும் வைட்டமின் டி குறைவுபடும் என்றால் நம்புவது கடினம். ஆயினும் மலேசியாவில் நடந்த இரத்தப் பரிசோதனை ஆய்வுகள், சீனப் பெண்களைக் காட்டிலும் மலாய்ப் பெண்களிடமும் இந்தியப் பெண்களிடமும் அச்சத்து தாழ்ந்திருப்பதை எடுத்துக்காட்டியிருக்கின்றன.

இதன் காரணத்தை அறிய, நம் முன்னோர் இவ்வட்டாரத்தில் உழைத்த சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலேறி வந்த தமிழர்கள், கிரியான் மாவட்டத்திலும் அதை அடுத்த நிபோங் திபால் பகுதியிலும் பரந்து கிடந்த கரும்புத் தோட்டங்களில், ஓர் இலை நிழலும் இல்லாத வெட்டவெளியில் நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தார்கள். பின்னர் கரும்பு போய் ரப்பர் வந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, பால்மரங்களின் அடர்ந்த நிழலிலே மரம் வெட்டி, வெயில் ஏறியபின் பாலெடுத்துச் சுமந்தார்கள். அதன்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி இரவு வேலைக்குப் போய்ப் பகலில் உறங்குபவர்களானார்கள். வெட்டவெளியிலிருந்து மரநிழலுக்கும், மரநிழலிலிருந்து கூரைக்கும் சில தலைமுறைகளுக்குள் வந்து சேர்ந்தது நம் வாழ்க்கை. ஆனால் வெட்டவெளிக்கென்றே அமைந்த சருமம் மட்டும் மாறவில்லை.

நம் தோலில் கொலஸ்டிராலுக்கு நெருங்கிய ஒரு பொருள் இருக்கிறது. புற ஊதா ‘பி’ கதிர் அதன்மேல் பட்டதும் அது உருமாறி, உடற்சூட்டினால் வைட்டமின் டி ஆகி, கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் பக்குவமடைந்து, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் கிரகிக்கும்படி செய்து எலும்புக்கு உறுதி அளிக்கிறது. 1919-இல் பெர்லின் நகரத்து மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் நோயினால் எலும்பு மெலிந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் ஒளியில் கிடத்திக் குணப்படுத்திக் காட்டினார். இவ்வாக்கத்தில் இயற்கை ஒரு வரம்பையும் வைத்திருக்கிறது: தேவைக்கு மேல் உண்டாவதை அதே வெயில் சிதைத்துப் பயனற்றதாக்கிவிடுகிறது. ஆதலால், வெயிலின் நன்மை சிறிது நேரத்தில் நின்றுவிட, சருமத்துக்கு நேரும் சேதமோ நிற்கும் நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகிறது.

நம் தோலில் மிகுந்துள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருள் அக்கதிரை வழியிலேயே விழுங்கிக்கொள்வதால், வெண்ணிறத்தார் நிற்கும் அதே நேரம் நாம் நின்றால் நாம் பெறும் சத்தும் குறைவு, அடையும் தீங்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் வெள்ளையருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்வது பொருந்தாது. ஆனால் நமக்குத் தோற் புற்றுநோயே வராது என்று இறுமாந்திருப்பதும் ஆபத்து. மெலனோமா என்னும் கொடிய வகை, கருநிறத்தாரிடம் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும், வெயிலோடு சம்பந்தமின்றியே தோன்றுகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி, கால் விரல் நகத்தடியில் தோன்றிய அந்நோயினால்தான் 1981-இல், 36-ஆம் வயதில் காலமானார். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பிலே, இடைவிடாத உராய்வினால் புற்று உண்டாவதை 1945-இல் பம்பாயின் டாக்டர் கானோல்கர் எடுத்துக்காட்டினார். ஆகவே ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பில் கிளம்பும் தடிப்பு, பாதத்தில் பரவும் கருப்பு மறு, நகத்தில் புதிதாக ஓடும் கருங்கோடு ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, வெயிலில் நின்றே ஆக வேண்டியவர்கள் இருக்கிறார்கள்: கிரியான் வயல்களில் இறங்குவோர், சாலை போடுவோர், புல் வெட்டுவோர். சூரியக் கதிர்வீச்சு புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1992-லேயே வகைப்படுத்திவிட்டது. மெலனோமா அல்லாத தோற் புற்றுநோயினால் நேரும் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெயிலில் உழைப்பதன் விளைவு என்று உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023-இல் அறிவித்தன. கருவிழிக்குப் பின்னுள்ள வில்லையை மங்கச் செய்யும் கண்புரைக்கும் இக்கதிர் துணை போகிறது. அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இளைப்பாற நிழலும் இத்தொழிலாளர்களுக்கு முதலாளி காட்டும் தயவு அல்ல, அவர்களுடைய உரிமை.

அவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கல்ல, ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில்தான். மதிய உணவை முடித்துக்கொண்டு வெயில் சாய்ந்துவிட்டதென்று எண்ணி இரண்டு மணிக்கு வரப்பில் கால் வைப்பவர், கடுங்கதிரின் நடுவிலேயே இறங்குகிறார். அவ்வாறே, ஏழு மணிக்கு மேல் பொழுது விடியும் இந்நாட்டில், எட்டு மணி இளவெயிலில் குழந்தையைக் காட்டுவதாலும் பெரும்பயன் இல்லை. சாய்ந்து வரும் கதிரிலுள்ள புற ஊதா ‘பி’ பகுதியை வாயுமண்டலமே வடிகட்டிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியும் அதைத் தடுத்துவிடும். நம் நிழலே இதற்கு நல்ல அளவுகோல்: நிழல் நம் உயரத்துக்குச் சமமாக இருக்கும் வேளை, அதாவது காலை பத்தேகால் மணி அளவிலும் மாலை நாலேகால் மணி அளவிலும், கைகால்களில் வெயில் படும்படி வாரத்தில் சில நாள் சிறிது நேரம் நடந்து வருவது பெரும்பாலோர்க்கு உகந்தது. நிழல் அதனினும் வெகுவாகக் குறுகும்போது, உடலை மூடிக்கொள்ள வேண்டும்.

“வெயில்ல ஆடாதடி, கருத்துப்போவ” என்று பெண்பிள்ளைகளைத் தடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. அதன் தொடர்ச்சியாகத்தான், பாதரசம் கலந்தவை என்று மலேசியச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் தடை செய்யும் வெளுப்புக் களிம்புகள் வீட்டுக்குள் நுழைகின்றன. இயற்கை அளித்த பாதுகாப்பைக் காசு கொடுத்து அழித்துக்கொள்வது எத்துணைப் பரிதாபம்! வைட்டமின் டி குறைவைப் போக்க மீனும் முட்டையும் சத்து சேர்த்த பாலும் ஓரளவு உதவும். எலும்பு வலியும் தசைச் சோர்வும் நீடித்தால் கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்து, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரையும் உட்கொள்ளலாம். ஆனால் முதலில் ஒழிய வேண்டியது நிறத்தைப் பற்றிய வெட்கம். கரும்புக் காட்டில் நின்ற நம் முன்னோருக்கு வெயிலின் வேளையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருக்கவில்லை. நம் பெண்மக்களுக்கு அது இருக்கிறது. அவர்களைக் காலைப் பத்து மணிக்குத் திடலுக்கு அனுப்புவோம்.