சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கலாமா?

ஜமுனாமரத்தூரில் பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் கவனத்திற்கு:

பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் மூன்றாண்டுப் படிப்பு. வேதியியல், உயிரியல், மண், நீர், காற்று, கழிவு, சட்டம் எல்லாம் இதில் சேர்ந்து வரும்.

இதன் தேவை நமக்குப் புதிதல்ல. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலக்கிறது. அந்தப் பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கிணறுகளைக் கெடுத்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலை நம்பி நம் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தொழிலும் நிற்க வேண்டும், தண்ணீரும் நிற்க வேண்டும் என்றால், நீரை அளந்து உண்மை சொல்லத் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகளிலும் வேண்டும்.

சேருமுன் ஒன்றைக் கவனியுங்கள். இந்திய வனப் பணித் தேர்வின் கல்வித் தகுதிப் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் இல்லை. எனவே அந்தக் கனவுள்ளவர்கள் பி.எஸ்சி. தாவரவியலோ வேதியியலோ படித்துவிட்டு, எம்.எஸ்சி.யில் சுற்றுச்சூழல் எடுப்பது நல்லது. வனவியலே படிக்க விரும்பினால், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்காண்டுப் பட்டம் உண்டு.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள். ஒரு சான்றிதழ் தாமதத்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டு வீணாகக் கூடாது.