அதிகாரமுள்ள சொல், ஆற்றுகின்ற கரம்

கப்பர்நாகூம் தொழுகைக்கூடத்தில் ஓய்வுநாளன்று கூடியிருந்தோர் வியப்பில் ஆழ்ந்தனர் என்கிறார் மாற்கு. மறைநூல் அறிஞர் முன்னோரின் கூற்றை ஆதாரம் காட்டிப் போதிப்பது வழக்கம். இயேசு பெருமானோ எவருடைய சான்றையும் நாடாது, அதிகாரமுள்ளவராய்ப் போதித்தார். தீய ஆவியும் அவர் சொல்லுக்குப் பணிந்தது. அன்றே இராயப்பரின் மாமியாரைக் கைப்பிடித்துத் தூக்கினார், காய்ச்சல் நீங்கிற்று. போதித்த வாயும் நோயாளியைத் தொட்ட கையும் ஒருவருடையவையே.

அந்த அதிகாரம் விளம்பரம் தேடவில்லை. குணமான தொழுநோயாளியிடம், இதை எவருக்கும் சொல்லாதே, குருவிடம் போய் உன்னைக் காட்டு என்றே ஆண்டவர் கட்டளையிட்டார்.

நம் தமிழகக் கடற்கரையிலும் இதற்குச் சான்று உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். நோயாளர் வீடுகளுக்கு வருமாறு அழைத்தவர் பலர். அவர் ஒருவரால் எல்லா இடத்திற்கும் செல்ல இயலவில்லை. ஆகவே செபங்களைக் கற்றிருந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, நோயாளிக்கு நம்பிக்கையூட்டினர். பலர் நலம் பெற்றனர் என்று எழுதுகிறார் புனிதர். அச்சிறுவர்களுக்குப் பட்டமில்லை, மேடையில்லை. அவர்களிடம் விளங்கிய அதிகாரம் கிறிஸ்துவுடையது.

திருவள்ளூரில் கோயில்கொண்ட பெருமாளை மக்கள் வைத்திய வீரராகவர் என்று அழைப்பர். நலம் வேண்டும் ஏக்கம் இம்மண்ணில் அத்துணைப் பழமையானது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு உடலே முதல். வேலைக்குப் போகாத நாளில் கூலியில்லை. உடனே சுகம் என்று ஒருவர் முழங்கினால் அவர் மனம் அங்கே ஓடுவது இயல்பே. காசநோய்க்கு மருந்துண்ட ஒருவர், செபக்கூட்டமொன்றில் குணமாகிவிட்டதாக நம்பி மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார். சில மாதங்களில் நோய் மீண்டது. இம்முறை பழைய மருந்துக்கு அது அடங்கவில்லை. அந்நோய்க்கு வழக்கமாக ஆறு மாத மருந்து தேவை. இடையில் விட்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும்.

மருத்துவனை மதிக்கவும், மருந்தும் இறைவன் படைப்பே என உணரவும் சீராக் நூல் கற்பிக்கிறது. யாகப்பர் திருமுகமோ நோயாளிக்காகத் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கச் சொல்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் எனப்பட்டு, சாகும் தறுவாய்க்கே உரியதாகக் கருதப்பட்ட அருட்சாதனம், 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரின் சீர்திருத்தத்திற்குப் பின், நோயில்பூசுதலாய்க் கடும் நோயுற்றோர் அனைவருக்கும் வழங்கப்படுகிறது. குணமளிக்கும் செபங்களில் நாடகத்தன்மையும் வெறியுணர்ச்சியும் இடம்பெறலாகாது என 2000-ஆம் ஆண்டில் உரோமை அறிவுறுத்தியது.

ஆகவே, அன்பர்களே, போதிப்பவரின் குரல் எத்துணை உரத்தது என்று பாராதீர். அவர் தம்மை உயர்த்துகிறாரா, ஆண்டவரை உயர்த்துகிறாரா என்று பாருங்கள். காணிக்கைக்குச் சுகத்தை விலை பேசுபவரிடமும், மருந்தை எறியச் சொல்பவரிடமும் ஆண்டவரின் அதிகாரம் இல்லை. உங்கள் தெருவில் நோயுற்றிருப்பவர் அருகில் அமர்ந்து செபியுங்கள். அவர் மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுங்கள். அன்று இராயப்பரின் வீட்டில் நீண்ட அதே கரம் உங்கள் கரத்தின் வழியாகவும் நீளும்.