கட்டுரையில் ஏறிய பெயர்

1944 நவம்பர் 29 அன்று, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம் பாரித்த ஒரு குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளேலாக் இதய அறுவை சிகிச்சை செய்தார். அவர் பின்னால் முக்காலியில் ஏறி நின்று, தையலை எப்படிப் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். அந்த முறையை நாய்களிடம் செய்து பார்த்துத் தேறியவர் அவரே. கருப்பினத்தவர். படிப்புக்கென்று சேர்த்த பணம் வங்கியோடு முழுகியது. 1930இல் பிளேலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தபோது சம்பளப் பட்டியலில் அவர் துப்புரவுப் பணியாளர். பிளேலாக்கோடு ஹாப்கின்ஸ் வந்த பிறகும், குடும்பம் நடத்த பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறினார். 1945இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் பிளேலாக் பெயரும் மருத்துவர் ஹெலன் டாசிக் பெயரும் இருந்தன; தாமஸ் பெயர் இல்லை. கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது 1976இல்.

அதே பால்டிமோரின் புறநகரில், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் யுஎம்பிசி வளாகத்தில், கருப்பின மாணவர்களை அறிவியல் ஆய்வுக்குத் தயார்செய்ய 1988இல் மேயர்ஹாஃப் திட்டம் தொடங்கியது. நடத்தியவர் ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி; 1963இல் பர்மிங்ஹாம் குடியுரிமை ஊர்வலத்தில் நடந்து பன்னிரண்டு வயதில் சிறை சென்றவர். முதல் அணியில் 19 கருப்பின இளைஞர்கள். அடுத்த ஆண்டே பெண்களும், 1996 முதல் எல்லா இனத்தவரும் வந்தனர். வகுப்புகள் தொடங்குமுன் கோடைப் பயிற்சி, கூடிப் படிக்கும் குழுக்கள், இளநிலைப் படிப்பிலேயே ஆய்வக வேலை. அன்று ஒரு பேராசிரியர் மனம் வைத்ததால் நடந்தது, இங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஏற்பாடாயிற்று. இத்திட்டத்தில் சேர்ந்து 2008இல் பட்டம் பெற்ற கிஸ்மெகியா கார்பெட், மாணவியாக இருந்தபோதே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வகத்தில் பழகியவர். மாடர்னா கொரோனா தடுப்பூசி பற்றி 2020இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட கட்டுரையில் முதல் பெயர் அவருடையது.

ஒன்று மட்டும் சுருங்கிப்போனது. தாமஸும் பிளேலாக்கும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தார்கள். ஒருவர் கையை மற்றவர் அறிவார். இன்றைய மாணவருக்கு ஓர் ஆய்வகத்தில் சில கோடைகள், சில பருவங்கள். பிறகு வேறு ஊர், வேறு வழிகாட்டி. அந்த நெருக்கத்துக்குத் தாமஸ் கொடுத்த விலையை நினைத்தால், இதைப் பெரிய இழப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கவலை வேறிடத்தில். சிறுபான்மை இன மாணவர்களை ஆய்வுக்குக் கொண்டுவர 1970களில் தொடங்கிய ‘மார்க்’ உதவித் திட்டத்தை, தேசிய சுகாதார நிறுவனம் 2025இல் கைவிட்டது. மேயர்ஹாஃப் போன்ற திட்டத்துக்கு நன்கொடையாளர் உண்டு. பேர் தெரியாத கல்லூரிகளுக்கு அவர்கள் கிடைப்பது அரிது. அங்கே ஆய்வக உதவித்தொகை நின்றால், கையில் காசில்லாத மாணவர் கோடை விடுமுறையில் கடை வேலைக்குத்தான் போவார்.