இல்லத்து இசையும் இணைய முகவரியும்

மலையகத் தோட்டங்களிலே பாடல் வெறும் பொழுதுபோக்காக இருந்ததன்று. தாலாட்டும், கும்மியும், ஒப்பாரியும், காமன் கூத்துக்குரிய பாடல்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த முன்னோரோடு மலையேறி, இம்மண்ணின் வாழ்வைத் தம்மகத்தே ஏற்றுப் புதிய உருவம் பெற்றன. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் அவற்றுட் பலவற்றைத் தேடித் தொகுத்தமையை அறிவோம். எனினும் ஏட்டில் ஏறியவை சொற்களேயன்றிக் குரல்களல்ல. குரல்கள் பெரும்பாலும் வீடுகளிலேயே தங்கிவிட்டன. பழைய கசெற் நாடாக்களிலும், கைத்தொலைபேசிகளிலும் அவை கிடக்கின்றன. மறைந்துபோன பாட்டி ஒருத்தியின் தாலாட்டை எந்த வணிக இசைச் சேவையும் வைத்திருப்பதில்லை. ஆதலின் அத்தகைய ஒலிப்பதிவுகளைக் கோப்புகளாக்கி வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் வைத்து, கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் புரியும் பிள்ளைகள் கேட்குமாறு செய்ய விரும்புதல் இயல்பே.

இவ்வாறு பாடல்களை வழங்கும் கணினியை வழங்கி என்பர். நாவிட்ரோம், ஜெலிஃபின் முதலிய மென்பொருள்கள் இதற்கென இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டின் நான்கு சுவருக்குள் வழங்கி குறைவின்றிப் பாடுகின்றது. ஆனால், நுவரெலியாவுக்குக் கிழக்கே ஊவா எல்லையை அடுத்த உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் அவ்வாறு பாடும் வழங்கி, கடைத்தெருவுக்கு வந்து கைத்தொலைபேசியில் அழைத்தால் வாய் திறப்பதில்லை. வழங்கி பழுதாயிற்றென்று அதனை மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்ப்போர் பலர். பழுது பெரும்பாலும் வழங்கியில் இல்லை, முகவரியில் உள்ளது. அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இணையத்திற் செல்லும் ஒவ்வொரு செய்தியும் ஐ.பி. முகவரி எனப்படும் எண்ணொன்றை நோக்கியே செல்கின்றது. 1981 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறையின்படி இத்தகைய எண்கள் மொத்தம் 4,294,967,296 ஆகும். அக்காலத்து அறிஞர்க்கு இத்தொகை கடல்போலத் தோன்றியிருக்கலாம். கைத்தொலைபேசிகள் பெருகவே கடல் வற்றிற்று. 2011 பெப்ரவரி 3 ஆந் திகதி உலகப் பொதுக் கையிருப்பு முடிவுற்றது. அதே ஆண்டு ஏப்ரில் 15 ஆந் திகதி ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்து, வழமையான வழங்கல் நின்றது. ஆகவே பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முறையை நிறுவனங்கள் கைக்கொண்டன. அதற்கென 2012 இல் தனியே ஒதுக்கப்பட்ட எண் வரிசை 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையானது.

இப்பகிர்வின் தன்மையைத் தோட்டத்தார்க்கு விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. லயத்திலே ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி முகவரி இன்மையால் கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்து, தோட்டக் காரியாலயத்தில் இறங்கி, அங்கிருந்து கைமாறிக் கைமாறி உரியவரை அடைவன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்புக் கடிதம் தேர்வு முடிந்தபின் கைக்கு எட்டிற்று என்னும் முறைப்பாடு மலையகத்தில் நெடுங்காலமாகக் கேட்கப்படுவது. காம்பராவிலிருந்து ஒருவர் வெளியே கடிதம் எழுதலாம், அதற்குத் தடையில்லை. வெளியிலிருந்து அவர் பெயரைமட்டும் நம்பி வரும் கடிதமே வழிதவறுகின்றது. ஒருவர்க்குத் தனி முகவரி இல்லையென்பது சிறு குறையன்று என்பதை இம்மக்கள் இணையம் வருமுன்னரே அறிந்திருந்தனர்.

கம்பியில்லாத 4ஜி இணைப்பிலே நிகழ்வதும் இதுவே. கம்பிவடம் எட்டாத மலைச்சரிவுகளில் அவ்விணைப்பே பலர்க்குக் கிடைப்பது. வீட்டிலுள்ள கருவி வெளியே ஒரு வேண்டுகோளை அனுப்பும்போது, நிறுவனத்தின் பெருங்கருவி இது இன்ன வீட்டினது என்று குறித்துக்கொள்கின்றது. மறுமொழி வந்ததும் அக்குறிப்பைப் பார்த்து உரிய வீட்டுக்கு அனுப்புகின்றது. எவரும் கேளாமல் வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புக்கு அங்கே குறிப்பில்லை. அது கைவிடப்படுகின்றது. கொழும்பிலிருந்து மகள் அனுப்பும் அழைப்பு வீட்டு வாயிலைத் தட்டவேயில்லை. அதற்கு முன்னரே நின்றுவிட்டது.

ஆகவே முதற்கண் செய்யத்தக்க சோதனை ஒன்றே. வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்கத்து முகவரியாக அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. பின்னர் அதே இணைப்பில் நின்று, தம் முகவரி யாதென்று கூறும் இணையத்தளம் ஒன்றைக் கேட்க. இரண்டும் ஒன்றாயின் பொது முகவரி நம்முடையதே. வேறாயின், சிறப்பாக ரவுட்டர் காட்டும் எண் மேற்கூறிய 100 வரிசையிலோ 10 என்னும் தொடக்கத்திலோ அமைந்திருப்பின், நாம் பகிர்வுக்கு உட்பட்டுள்ளோம் என்பது தெளிவு. இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதனைச் செய்யாமல் ரவுட்டரில் வாயில் திறக்கும் வித்தையில் இரவுகளைக் கழிப்பது, காரியாலயத்தில் தங்கிவிட்ட கடிதத்துக்காக வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பதை ஒக்கும்.

எண்கள் ஒத்திருந்தால் குறை வீட்டுக்குள்ளேயே உள்ளது. அதனைக் காண்பது அரிதன்று. வழங்கி தன் கணினிக்குமட்டும் செவிசாய்க்குமாறு அமைக்கப்பட்டிருக்கலாம். ரவுட்டரில் உரிய வாயில் திறக்கப்படாதிருக்கலாம். நாவிட்ரோம் வழக்கமாக 4533 என்னும் வாயிலையும் ஜெலிஃபின் 8096 என்பதையும் கொள்ளும். மலையிலே மின்சாரம் நின்று வந்தபின் ரவுட்டர் வழங்கிக்கு வேறோர் உள்முகவரியைக் கொடுத்துவிட, திறந்த வாயில் யாருமற்ற இடத்தை நோக்கி நிற்பதும் உண்டு. வழங்கிக்கு நிலையான உள்முகவரியை ஒதுக்கிவைத்தால் இத்தொல்லை தீரும். வீட்டு வைஃபையிலிருந்தபடியே வெளிமுகவரியை அழைத்துச் சோதிப்பது நம்பத்தக்கதன்று. சில ரவுட்டர்கள் தம்மிடமிருந்து புறப்பட்ட அழைப்பைத் தம்மிடமே திருப்பமாட்டா. கைத்தொலைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதித்தலே முறை.

பகிர்வுக்கு உட்பட்டோர்க்கு மூன்று வழிகள் உள. பொது முகவரியை நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திப் பெறுவது ஒன்று. எல்லாச் சேவைகளிலும் அது கிடைப்பதில்லை. ஆறாம் பதிப்பு முகவரியைப் பயன்படுத்துவது மற்றொன்று. அதிலே எண்கள் ஏறக்குறைய அளவிறந்தன. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரலாம். ஆயினும் கேட்பவர் இருக்கும் இடத்து இணைப்பும் அதனை ஏற்கவேண்டும்.

மூன்றாவதே இங்குப் பெரிதும் பயன்படுவது. வெளியிலிருந்து உள்ளே வர இயலாதென்றால், உள்ளிருந்து வெளியே செல்லும் உரிமையையே கருவியாக்கலாம். வழங்கி தானாகவே வெளியிலுள்ள ஓரிடத்துக்கு இணைப்பை ஏற்படுத்தி வைத்திருக்கின்றது. மகளின் தொலைபேசியும் அவ்வாறே செய்கின்றது. இரண்டும் மறையாக்கப்பட்ட சுரங்கவழியொன்றால் கூடுகின்றன. வயர்கார்டு என்னும் நெறிமுறை இதற்குரியது. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 இலே அது மூலநிரலோடு சேர்க்கப்பட்டது. அதன்மேல் அமைந்த டெயில்ஸ்கேல் என்னும் சேவை, இரு கருவிகளையும் நேரே இணைக்க முயன்று, இயலாதவிடத்து இடைநிலையம் வழியாக அனுப்புகின்றது. வேடிக்கை என்னவெனில், டெயில்ஸ்கேல் தன் கருவிகளுக்குக் கொடுக்கும் எண்களும் அதே 100 வரிசையினின்றே எடுக்கப்படுவன. அவற்றைக் கண்டு மயங்கற்க.

வாடகைக் கணினியொன்றை வெளியே வைத்துத் தாமே வயர்கார்டு அமைப்போர் எதிர்கொள்ளும் குறை வேறு. சிறிது நேரம் பாடிய பாட்டு, பேச்சில்லாத இடைவேளைக்குப்பின் மீண்டும் வராது. நிறுவனத்தின் கருவி தன் குறிப்பை அழித்துவிட்டதே காரணம். வீட்டுப் பக்கத்திலிருந்து 25 செக்கனுக்கு ஒருமுறை வெறுஞ்செய்தி ஒன்றை அனுப்புமாறு அமைத்தால் குறிப்பு அழியாது.

இணைப்புக் கிடைத்தபின்னும் பாட்டு இடறுமாயின் பதிவேற்ற வேகத்தை நோக்குக. நாம் விலைகொடுத்து வாங்கும் வேகம் பெரும்பாலும் இறக்கத்துக்குரியது. வழங்கியோ ஏற்றத்தையே நம்பி வாழ்வது. இழப்பற்ற ஃபிளாக் கோப்பு செக்கனுக்கு 700 முதல் 1,000 கிலோபிற் வரை கேட்கும். வழங்கி அதனை அவ்விடத்திலேயே 128 கிலோபிற்றாகச் சுருக்கி அனுப்புமாறு அமைக்கலாம். கசெற்றிலிருந்து எடுத்த தாலாட்டுக்கு அதற்கு மேல் வேண்டுவதில்லை. நாடாவின் இரைச்சலை இழப்பின்றிக் காப்பதனால் யாருக்கும் இலாபமில்லை. மூலக் கோப்பு மட்டும் முழுமையாக வீட்டிலிருத்தல் வேண்டும். அதன் படியொன்று வேறோர் ஊரிலும் இருத்தல் நன்று. கணினியின் வட்டு ஒருநாள் நின்றுபோவது உறுதி.