புரோசசரை விரட்டினால் ஹார்ட் டிஸ்க் ஏன் குழம்புகிறது?

புரோசசரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பதை ஓவர்குளொக்கிங் என்பார்கள். சிலர் விளையாட்டுகளுக்காகச் செய்கிறார்கள். புதிதாக வாங்கப் பணமில்லாமல் செய்பவர்களும் உண்டு. சூடேறி புரோசசர் கருகிவிடும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். பழைய மேசைக் கணனிகளில் அதைவிட மோசமான ஆபத்து ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

1998 ஓகஸ்ட்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்கு நல்ல உதாரணம். மதர்போர்ட் தரும் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ். அதை 4.5 ஆல் பெருக்கினால் 300. இந்தப் பெருக்கியை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. ஆகவே வேகத்தைக் கூட்ட ஒரே வழி அடிப்படைத் துடிப்பைக் கூட்டுவதுதான். 66 ஐ 100 ஆக்கினால் 450 மெகாஹேர்ட்ஸ். விலை கூடிய பென்டியம் 2 ஓடிய வேகம் அது. மலிவான சிப் ஒன்று அதைத் தொட்டபோது பலரும் ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் அந்தத் துடிப்பு புரோசசருக்கு மட்டும் உரியதல்ல. அதை வகுத்துத்தான் பிசிஐ பாதைக்கான 33 மெகாஹேர்ட்ஸும் கிராபிக்ஸ் கார்ட் செருகும் ஏஜிபிக்கான 66 உம் பெறப்பட்டன. சவுண்ட் கார்ட், நெட்வேர்க் கார்ட் மட்டுமல்ல, ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் பகுதியும் பிசிஐ துடிப்பில்தான் ஓடியது.

66 இல் பாதி 33. 100 இல் மூன்றில் ஒன்று 33. இரண்டிலும் பிசிஐ தன் அளவிலேயே நிற்கும். இடையில் உள்ள 83 தான் சிக்கல். அதற்குப் பொருத்தமான வகுத்தி இல்லாததால் பாதியாகப் பிரித்தார்கள்; பிசிஐ 41 ஐத் தாண்டியது. ஒரு தகவலை வைத்து வாசிக்க 30 நானோசெக்கன் கிடைத்த இடத்தில் இப்போது 24 தான். புரோசசர் வெறும் 375 இல் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும், ஹார்ட் டிஸ்க்கோ தடுமாறும். அதாவது 450 ஐவிட 375 ஆபத்தானது!

புரோசசர் தடுமாறினால் கணனி உறைந்து நின்றுவிடும், நமக்கும் தெரியவரும். இது அப்படியல்ல. விண்டோஸ் வழமைபோல் திறக்கும். சில நாட்கள் கழித்து ஒரு படம் பாதி சாம்பல் நிறமாகத் தெரியும், ஒரு கோப்பு திறக்க மறுக்கும். நம்மவர் கணனிகளில் இருப்பது பாட்டும் படமும் மட்டுமா? இடப்பெயர்வுகளில் எஞ்சிய ஒன்றிரண்டு குடும்பப் படங்களையும், ஸ்கேன் செய்த காணி உறுதியையும் அதில்தான் வைத்திருக்கிறோம். கெட்டது தெரியாமல் பிரதி எடுத்தால், பிரதியும் கெட்டதாகவே இருக்கும்.

2002 இல் வந்த என்விடியாவின் என்ஃபோர்ஸ் 2 சிப்செட், பிசிஐ, ஏஜிபி துடிப்புகளைத் தனியாகப் பிரித்து 33 இலும் 66 இலும் பூட்டியது. அதன் பின் அடிப்படைத் துடிப்பை எவ்வளவு மாற்றினாலும் கார்ட்கள் அசையவில்லை. எல்லா நிறுவனங்களும் உடனே இதைப் பின்பற்றவில்லை. 2011 இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது கதை திரும்பியது. 100 மெகாஹேர்ட்ஸ் துடிப்பு ஒன்றிலேயே பிசிஐ எக்ஸ்பிரஸும் சாட்டா டிஸ்க்கும் கட்டப்பட்டிருந்தன. சில மெகாஹேர்ட்ஸ் கூட்டினாலே தகராறு. அதில் வேகம் வேண்டுமென்றால் பெருக்கி பூட்டப்படாத, பெயரில் 'கே' உள்ள புரோசசர்தான் வழி.

கைமாறி வந்த பழைய கணனி என்றால் பயோஸைத் திறந்து பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் துடிப்பைக் கூட்டிவிட்டிருக்கலாம். பிசிஐ, ஏஜிபி வரிகளில் 'ஓட்டோ' என்றிருந்தால், பூட்டும் வசதி உள்ள போர்ட்டில் 33, 66 என நிலையாக வையுங்கள். வசதி இல்லாவிட்டால் துடிப்பைப் பழைய அளவுக்கே இறக்கிவிடுவது நல்லது. எதை மாற்றுவதற்கு முன்னும் முக்கிய கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாற்றிய பின் பெரிய கோப்பு ஒன்றைப் பலமுறை பிரதி செய்து, மூலத்துடன் ஒப்பிடும் மென்பொருளால் சரிபாருங்கள். ஒரு பிட் வேறுபட்டாலும் பழைய வேகத்துக்கே திரும்பிவிடுங்கள்.