ஒரே பெயரில் இரண்டு முயல்கள்

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் ஆண்கள் யாரும் வீடு தங்க மாட்டார்கள். தடிக்கம்பும் வலையுமாக, நாலைந்து நாய்களைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கரட்டுப் பக்கம் போய்விடுவார்கள். பாரிவேட்டை என்று அதற்குப் பெயர். பொழுது சாயும்போது கம்பில் கட்டித் தொங்கவிட்ட முயல்களோடு வருவார்கள். ஊர் எல்லையிலேயே மேளம் கேட்கும். விழுந்த முயல் அத்தனையும் கூறு போடப்படும். வேட்டைக்கு வந்த நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. அப்பாரு தன் கூறைத் தேக்கிலையில் கட்டி எடுத்து வருவார். அது குற்றம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

சட்டம் என்னவோ அப்போதே இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் முயலைச் சிறு வேட்டை விலங்குகளின் பட்டியலில் வைத்து, உரிமம் பெற்றவர் வேட்டையாடலாம் என்று விட்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த உரிமத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. 1991-இல் வந்த திருத்தம் அந்த உரிமத்தையே எடுத்துவிட்டது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டு முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் கொன்றாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்போது பொங்கல் நெருங்கினால் வனத்துறை ஜீப் ஊருக்குள் வருகிறது. மேளம் கோயிலோடு நின்றுவிட்டது.

காட்டு முயலுக்குக் கதவு மூடிய காலத்தில்தான் கூண்டு முயல் ஊருக்குள் வந்தது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை என்று வாயில் நுழையாத பெயர்கள். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் 1965 முதல் இருக்கும் மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனங்களை வளர்க்கிறார்கள். அங்கே குட்டி கேட்டுப் பதிந்து, முறை வரும்வரை காத்திருந்து வாங்கி வந்தவர்கள் உண்டு. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் விளம்பரத்தை நம்பினார்கள்.

என் சித்தப்பா மகன் அப்படி நம்பியவன். ஏழு பெட்டை, மூன்று கிடா சேர்ந்தது ஒரு யூனிட். “குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், மருந்துக் கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன” என்றார்கள். ஐந்து யூனிட் வாங்கினான். சோதனைக்கூடத்துக்கு விலங்கு கொடுப்பவர் அதற்கென்று தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி 1998-லேயே வந்துவிட்டது. கண்ட பண்ணையிலும் கம்பெனி முயல் வாங்க முடியாது. அதை அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. முயல் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. சினைப்பட்ட முப்பதாம் நாள் வாக்கில் தாய் தன் அடிவயிற்று முடியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போடும். அடுத்த நாள் ஆறேழு குட்டி கிடக்கும். ஓராண்டில் கூண்டு போதவில்லை. திரும்ப வாங்குவதாகச் சொன்னவர்களின் போன்தான் எடுக்கப்படவில்லை.

சரி, கறியாகவாவது விற்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. 2011-இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், இறைச்சிக்கான விலங்கு எது என்று வரையறுத்தபோது செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம், கோழியினம், மீன் என்று எழுதி நிறுத்திக்கொண்டன. முயல் அதில் இல்லை. பட்டியலில் இல்லாததை அறுக்கக் கூடாது என்று 2014-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னதும் கேரளத்தில் முயல் பண்ணை வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். பண்ணை வைக்க ஒரு துறை ஊக்கம் கொடுத்துக்கொண்டிருக்க, கறியை விற்காதே என்றது இன்னொரு துறை. 2018 வாக்கில் விதி திருத்தப்பட்டு வளர்ப்பு முயல் பட்டியலில் ஏறியது.

இன்று நிலைமை தெளிவு. ஆனால் வேலை அதிகம். அறுத்து விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். சிறிய அளவில் செய்பவருக்குப் பதிவுச் சான்று போதும், அளவு கூடினால் உரிமம். 2001-ஆம் ஆண்டின் அறுப்புக்கூட விதிகள் சினையான விலங்கையும் மூன்று மாதம் நிரம்பாததையும் அறுக்கக் கூடாது என்கின்றன. பன்னிரண்டு வாரத்தில் இரண்டு கிலோ தேறும் என்று கணக்குப் போடும் பண்ணைக்காரர் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கறிக்கு இல்லாமல் குழந்தைகள் கொஞ்சி வளர்க்க என்று கடை போட்டு விற்றால், 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். அந்த விதிகளில் நாய், பூனையோடு முயலின் பெயரும் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சிக்கல். தமிழில் இரண்டும் முயல்தான். காட்டு முயல் வெட்டவெளியில் முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூண்டு முயல் ரோமம் இல்லாமல், கண் மூடிப் பிறக்கும். காட்டு முயலின் கறி கருஞ்சிவப்பு. வளர்த்ததன் கறி கோழியைப்போல் வெளுப்பு. சமைத்துப் பழகிய கைக்கு இது தெரியும், பைக்கை நிறுத்திச் சோதிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கூடுதல் விலை கிடைக்கிறது என்று வளர்ப்பு முயலையே ‘காட்டு முயல்’ என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக வழக்கை விலைக்கு வாங்காதீர்கள்.

சித்தப்பா மகன் இப்போது இரண்டு யூனிட்டோடு நிறுத்திக்கொண்டான். கூண்டுக் கம்பியில் ஒரு நோட்டு தொங்குகிறது: இணை சேர்த்த தேதி, ஈன்ற தேதி, விற்ற தேதி. தாய் முயல் வாங்கிய ரசீதும் பதிவுச் சான்றின் நகலும் அதற்குள் மடித்து வைத்திருக்கிறான். முயல் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூண்டுக்கு அளவு எடுக்கும் முன் ஊராட்சி அலுவலகத்திலும், கால்நடை மருத்துவரிடமும், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் ஒரு நடை போய்க் கேட்டு வாருங்கள். திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று யார் சொன்னாலும் எழுதி வாங்காமல் ஒரு குட்டிகூட வாங்காதீர்கள்.