சாத்தாரி முகாமின் பெட்டி வீடுகள்: சூடு எந்த வழியால் போகிறது?

செட்டிக்குளம் மனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதே ஆண்டு யூலை இறுதியில், ஜோர்தானின் வடக்கே, சிரிய எல்லைக்கு அண்மையில் சாத்தாரி அகதி முகாம் திறக்கப்பட்டது. போருக்குத் தப்பி வந்த சிரிய மக்கள் முதலில் கூடாரங்களில் இருந்தார்கள். பின்னர் ‘கரவன்’ எனப்படும் பெட்டி வீடுகள் வழங்கப்பட்டன. 2024 டிசெம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்த பின்னர் பல குடும்பங்கள் ஊர் திரும்பியுள்ளன. தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட அந்தப் பெட்டிகளுக்குள் அதுவரை பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டது.

தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே வாழ்ந்த எங்களுக்கு இது தெரியாத வாழ்க்கையல்ல. ஆனால் பாலைவனத்தில் வெயில் மட்டுமல்ல, குளிரும் கொடியது. மாரிகாலத்து இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கும். 2015 ஜனவரியில் முகாம் பனியால் மூடுண்டது.

குளிர் கூடினால் எரிவாயு அடுப்பைக் கூட்டி எரிக்கவே எவருக்கும் தோன்றும். ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்துக்கு ஒவ்வொரு சிலிண்டரும் பெரிய செலவு. சூடு எங்கே கசிகிறது என்று முதலில் கண்டுபிடிப்பதே மலிவான வழி.

அதற்குக் கருவி தேவையில்லை. பகலில் கதவை மூடி, விளக்கை அணைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் பொட்டுகள் எல்லாம் காற்று நுழையும் இடங்கள். காற்று வீசும் நேரத்தில் ஊதுபத்தியைக் கதவு, யன்னல், சுவரும் கூரையும் சேரும் மூட்டுகள் வழியே மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். புகை வளையும் இடத்தில் இடைவெளி உண்டு. காலையில் சுவரில் ஒரு கோடாக நீர் வியர்த்திருந்தால், உள்ளே இரும்புச் சட்டம் போகிறது என்று அர்த்தம். சுவரின் இரு தகரங்களுக்கும் நடுவே நுரை இருந்தாலும், அந்தச் சட்டத்தின் வழியே சூடு நேராக வெளியே கடந்துவிடும்.

பெரும்பாலும் மறக்கப்படுவது தரை. நிலத்திலிருந்து உயர்த்தி வைத்த பெட்டியின் அடியால் காற்று ஓடும்போது தரை குளிர்ந்துவிடும். சுற்றிவர மண் அணைத்தோ தறப்பாள் கட்டியோ அந்தக் காற்றைத் தடுக்கலாம். உள்ளே பாயின் கீழ் காட்போட் மட்டைகளை விரிக்கலாம். யன்னலுக்குப் பொலித்தீன், கதவுக்கு உட்புறம் தடித்த போர்வை, மூட்டுகளுக்கு சிலிக்கன் அல்லது பழந்துணி. பகலில் வெயில் படும் யன்னலின் திரையைத் திறந்து, பொழுது படும்போது மூடவேண்டும். ரெஜிபோம் சூட்டைக் காக்கும். ஆனால் வேகமாகத் தீப்பற்றி நச்சுப்புகை கக்கும் என்பதால் அடுப்புக்கு அருகே அது வேண்டாம்.

எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிடுவதும் ஆபத்து. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாகிறது. புகைபோக்கி இல்லாத அடுப்பென்றால் அவ்வளவும் அறைக்குள்ளேயே தங்கும். சுவர் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு இருமல் வரும். அதைவிடக் கொடியது காபனோரொட்சைட்டு. காற்றுப் போதாமல் அடுப்பு எரியும்போது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். தலையிடியும் சத்தியும் வந்தால் உடனே அனைவரும் வெளியேற வேண்டும். அடுப்பு எரியும்வரை காற்றுக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். படுக்க முன் அடுப்பை அணைக்க வேண்டும்.

வன்னியில் தகரக் கூரையின் கீழ் இன்னமும் வாழ்பவர்களுக்கு இதே கணக்குத் தலைகீழாகப் பொருந்தும். அங்கே சூடு வெளியேறுவதில்லை, மேலிருந்து இறங்குகிறது. தகரத்தின் மேல் கிடுகு வேய்வதும், கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேற இடைவெளி விடுவதும் உதவும்.

இவை எதுவும் நிரந்தர வீட்டுக்கு ஈடல்ல. அந்த வீடு கிடைக்கும்வரை, இருக்கிற கூரையின் கீழ் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்க இவை உதவும்.